இது என்ன மரமுங்க?

பூங்காவுக்கு வருகிறவர்கள் ஒரு மரத்தடியில் நின்று எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது என்ன மரமுங்க?" என்பதாகத்தான் இருக்கும். பெயரைச் சொன்ன மறுகணமே "எதுக்குங்க ஆகும்?" என்ற இரண்டாவது கேள்வி வந்துவிடும். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வருகையாளர்களுக்கு மரங்களைக் காட்டிச் சொல்லும் தன்னார்வலர்களில் ஒருத்தியாகச் சில ஆண்டுகளாக இருந்துவருகிறேன். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் பத்து நிமிட நேரத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயர் தெரிந்துவிட்டால் பார்வை நின்றுவிடுகிறது. ஆகவே பெயரைக் கடைசியில்தான் சொல்வோம். அதற்கு முன்னால் பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வோம், உதிர்ந்த இலையை எடுத்து முகரச் சொல்வோம், அண்ணாந்து பார்த்துக் கிளைகள் எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்லச் சொல்வோம்.

காலை ஆறரை மணிக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர், வடமாநிலங்களிலிருந்து மில் வேலைக்கு வந்து விடுமுறை நாளில் பூங்காவைச் சுற்றிப் பார்க்கும் இளைஞர்கள் என்று யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். கூட்டம் பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுவோம், ஏனென்றால் பின்னால் நிற்பவருக்குக் குரல் கேட்டாலும் இலை தெரியாது. பூங்காவில் எத்தனையோ மரங்கள் இருந்தாலும் ஒரு காலையில் ஏழெட்டு மரங்களுக்கு மேல் காட்டுவதில்லை. அதிகம் காட்டினால் வருகிறவர் வீடு திரும்பும்போது ஒன்றுமே நினைவில் இருக்காது என்பது எங்கள் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று.

முதலில் நிற்பது எப்போதும் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான். கோவையில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்த மரத்தைத் தெரியும். சாலையோரங்களிலும் பழைய அலுவலக வளாகங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் குடை விரித்து நிற்பது இதுதான். ஆனால் அதன் இலை கண்விழிப்பதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மார்கழி, தை மாதங்களில் வெளிச்சம் தாமதமாகவே வருவதால், நாங்கள் போய் நிற்கும்போது சிற்றிலைகள் இன்னும் இரண்டிரண்டாக மடங்கித் தொங்கிக்கொண்டிருக்கும். பேசிக்கொண்டிருக்கையிலேயே மெல்ல விரியத் தொடங்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சற்றுப் பருத்த ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து மறுபக்கத்துச் செல்களுக்கு நீர் இடம் மாறுவதால்தான் இலை மடங்குவதும் விரிவதும் நிகழ்கின்றன. மழை மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்தால் பகலிலும் இலைகள் மடங்கிவிடும். அப்படி மடங்குவதால் மழைநீர் நேராகத் தரைக்கு இறங்குகிறது. வேரில் உள்ள முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. இவ்வளவு அடர்ந்த நிழல் தரும் மரத்தின் கீழே புல் காயாமல் பசுமையாக இருப்பதற்கு இவை இரண்டும் காரணம் என்று சொன்னால், எல்லோரும் உடனே குனிந்து காலடிப் புல்லைப் பார்ப்பார்கள். நான் மிகவும் விரும்பும் தருணங்களில் அது ஒன்று. இந்த மரம் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் தோன்றி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவேன். வெளியிலிருந்து வந்தது என்றதும் சிலருக்கு முகம் மாறும். ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக நிழல் கொடுத்த மரத்தை வந்தேறி என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதன் காய் இனிப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ஆடுகள் அதை விரும்பித் தின்னும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

அந்த யாராவது ஒருவர்தான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரும் செல்வம். கொங்கு நாட்டில் இன்று நகரத்தில் குடியிருக்கும் பலர் ஒரு தலைமுறைக்கு முன்பு தோட்டத்தில் இருந்தவர்கள். காங்கேயம், தாராபுரம், மூலனூர், பல்லடம், அன்னூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும் அவர்களுடைய நினைவில் மரங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பேசுவதற்கு ஓர் இடம் நகரத்தில் இல்லை. பூங்காவில் மரத்தடியில் ஒருவர் மெதுவாகப் பேச்சை எடுத்தால் போதும், மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

எங்கள் பூங்காவின் கிழக்கு வேலியோரம் ஓர் அரப்பு மரம் நிற்கிறது. உசிலை என்றும் அதைச் சொல்வார்கள். பெரிய மரம் அன்று. பட்டை கரும்பச்சை கலந்து சற்று வழவழப்பாகவும், இலைகள் மிகச் சிறு சிற்றிலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவையாகவும் இருக்கும். பூத்திருக்கும்போது வெளிர்மஞ்சள் நிறத்தில் பஞ்சுத் திரள்களாக, நல்ல மணத்தோடு இருக்கும். ஒருமுறை அந்த மரத்தடியில் நான் பேசத் தொடங்குவதற்கு முன்பாகவே, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த ஓர் அம்மா, "ஏ அம்மிணி, இது நம்ம அரப்பு மரமல்ல? இதைப் போயி பார்க்குல நட்டு வெச்சிருக்கறாங்களே!" என்றார். பிறகு கீழே காற்றில் ஒடிந்து விழுந்திருந்த ஒரு சிறு கிளையிலிருந்து இலைகளை உருவி, என்னிடமிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி நாலு சொட்டு விட்டு, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கசக்கினார். முதலில் பச்சைச் சாறு கசிந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்ததும் வழுவழுவென்று குழைந்து, விரலிடுக்குகளில் மெல்லிய நுரை கிளம்பியது. பேத்தியின் முழங்கையில் அதைத் தடவி, கழுவிவிட்டு, "தொட்டுப் பாரு கண்ணு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்குதான்னு" என்றார். அந்தச் சிறுமி தன் கையைத் தானே பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு அரப்புத் தூள் இடித்து வைத்ததையும், இலையை நிழலில் உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும் என்பதையும், இடிக்கும்போது மூக்கில் ஏறித் தும்மல் வரும் என்பதையும் அந்த அம்மா அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் சொன்னார். இலையில் உள்ள சப்போனின் என்ற வேதிப்பொருள்தான் நுரை தருவது, எண்ணெயையும் அழுக்கையும் பிரித்தெடுப்பது என்ற ஒரு தகவலை மட்டும் நான் அதோடு சேர்த்தேன். அன்றைய நடையில் நான் பேசியது குறைவு. ஆனால் நாங்கள் நடத்தியவற்றில் மிகச் சிறந்த நடைகளில் ஒன்றாக அதையே எண்ணுகிறேன்.

அரப்பு மரத்தடியில் நின்றால் பேச்சு இயல்பாகவே கொரங்காட்டுக்குப் போய்விடும். கொங்கு நாட்டுச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிறது. ஆனைமலையின் மேலே வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றாக இருக்க, மலைக்குக் கிழக்கே கோவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது; காங்கேயம், தாராபுரம் பக்கமும் வறண்ட பூமிதான். அந்தப் பூமியில் ஆடுமாடுகளை வளர்ப்பதற்காக நம் முன்னோர்கள் கண்ட ஏற்பாடே கொரங்காடு. கொழுக்கட்டைப் புல் தரையை மூடியிருக்கும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். சுற்றிலும் முள்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, காட்டைப் பல பிரிவுகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய விடுவார்கள். கோடையில் புல் காய்ந்துபோன நாட்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தீனியாகும். காங்கேயம் காளை இந்த மேய்ச்சல் நிலத்தில் உருவான இனம் என்பதைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் காளைக்குப் பின்னால் ஒரு மரமும் ஒரு புல்லும் ஒரு வேலியும் இருக்கின்றன என்பதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர்கள் வெள்வேல மரத்தை ஒரு மரமாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எங்கள் பூங்காவில் வெள்வேலம் இல்லை. முள்மரம் என்பதால் எந்தப் பூங்காவிலும் அதை நடமாட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மூலையிலாவது, வேலியடைத்தாவது, ஒரு வெள்வேலம் நிற்க வேண்டும் என்று பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். கொங்கு நாட்டின் தலைநகர் போன்ற ஓர் ஊரில் இந்த நிலத்துக்கே உரிய மரத்தைப் பார்ப்பதற்குப் பிள்ளைகள் வண்டியேறிப் போக வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்ததாக ஆலமரம். இங்கே நாங்கள் அதிக நேரம் நிற்போம். விழுதைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே விழுதை விட்டுவிட்டுப் பழத்துக்குப் போவோம். "ஆலமரம் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் ஒருவரும் பார்த்ததில்லை என்பார்கள். உதிர்ந்து கிடக்கும் பழங்களில் ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். நாம் பழம் என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களை உட்புறமாக வைத்து மூடிய ஒரு கிண்ணம். அதன் நுனியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், செதில்களால் அடைக்கப்பட்ட ஒரு வாசல் இருக்கிறது. ஆலமரத்துக்கென்றே ஒரு குளவி இனம் உண்டு. இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும் அதன் பெண்குளவி அந்த வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. போகும்போதே பெரும்பாலும் அதன் இறக்கைகள் முறிந்துவிடும். தான் பிறந்த பழத்திலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளே இருக்கும் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகிறது. முட்டையிட்ட பூக்களில் குளவிகள் வளர்கின்றன, மற்றப் பூக்களில் விதை பிடிக்கிறது. முதலில் வெளிவரும் ஆண்குளவிகளுக்கு இறக்கையே இல்லை. அவை உள்ளேயே பெண்குளவிகளோடு இணைந்து, அவை வெளியேறுவதற்கு வழி குடைந்து கொடுத்துவிட்டு மடிந்துவிடுகின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தை ஏந்திக்கொண்டு வெளியே பறந்து, சரியான பருவத்தில் இருக்கும் இன்னோர் ஆலமரத்தைத் தேடிப் போகின்றன. அதன் பிறகே பழம் சிவந்து கனிகிறது.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம், "அத்திப் பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்பார். ஆலும் அத்தியும் அரசும் ஒரே குடும்பம் என்பதையும், ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவி இருப்பதையும் அந்த இடத்தில் சொல்லிவிடலாம். பழமொழியைக் குறையாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்தப் புழு இல்லாவிட்டால் அந்த மரத்துக்கு விதையே இல்லை என்பது தெரியவரும்போது, சில நொடிகள் யாரும் பேசமாட்டார்கள். பிறகு கேள்விகள் வரிசையாக வரும். ஆலமரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் காய்க்காமல் ஆண்டு முழுவதும் ஆங்காங்கே மாறி மாறிக் காய்ப்பது ஏன் என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் கேட்டான். குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான், அதற்குள் அது போய்ச் சேர ஒரு மரம் தயாராக இருக்க வேண்டுமல்லவா என்று திருப்பிக் கேட்டபோது, விடையை அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அப்படி ஆண்டு முழுவதும் எங்காவது பழம் இருப்பதனால்தான் குயிலும் மைனாவும் குக்குறுவானும் மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் பட்டினி கிடக்காமல் இருக்கின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே செம்மார்புக் குக்குறுவான் டொக் டொக் என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

நாகலிங்க மரத்தடியில் விளக்கம் அதிகம் வேண்டியதில்லை. அடிமரத்திலேயே பூவும் காயும் தொங்குவதைப் பார்த்தவுடன் கைப்பேசிகள் வெளியே வந்துவிடும். பூ கீழே விழுந்து கிடப்பதை எடுத்து முகரச் சொல்லிவிட்டு, சிவன் கோயில்களில் நாம் போற்றும் இந்த மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். மரமல்லி பூக்கும் பருவமாக இருந்தால் பிள்ளைகள் நாங்கள் போய்ச் சேருவதற்குள் பூக்களைப் பொறுக்கியிருப்பார்கள். இரவில் மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காகத்தான் வெள்ளை நிறமும் அவ்வளவு நீளமான குழலும் அந்த வாசனையும் என்று சொன்னால் போதும்.

தேக்கு மரத்தில் சிறுவர்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறோம். தேக்கின் இளந்தளிரைக் கசக்கினால் கை இரத்தம் பட்டதுபோல் சிவந்துவிடும். மரத்தின் அடியில் கிளைக்கும் சிறு தளிர்களில் ஒன்றை மட்டும் எடுத்து எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்போம். தேக்கு என்றதும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் டாப்சிலிப்பைச் சொல்வார்கள். மலை மேலிருந்து தேக்கு மரங்களை வெட்டிச் சரித்துவிட்ட அந்த ஆனைமலைக் காடுகளில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி, வெட்டும்போது அடிக்கட்டையை விட்டுவைத்து அது மீண்டும் துளிர்க்கும்படி செய்யும் முறையைக் கொண்டுவந்தார். கைத்தடியால் மண்ணில் குழி செய்து விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். 1933-ல் இறந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. தேக்கின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்கள் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களை ஆர்.எஸ்.புரத்தில் வனக்கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன். 1902-ல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் மர வகைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களில் எத்தனையோ பேர் அதற்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. தாவரவியலாளர்கள் நாடு முழுவதிலுமிருந்து தேடிவரும் சென்னை உலர்தாவரத் தொகுப்பும் நம் கோவையில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. இவ்வளவும் நம் வீட்டுத் திண்ணையில் இருக்க, நம் பிள்ளைகளுக்குத் தெருமுனையில் நிற்கும் மரம் தெரியாமல் இருக்கலாமா என்ற ஆதங்கம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்துவந்தது.

"எதுக்குங்க ஆகும்?" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயனைக் கேட்பதில் தவறே இல்லை. கலப்பைக்கு எந்த மரம், வண்டிச் சக்கரத்துக்கு எந்த மரம், செக்குக்கு எந்த மரம் என்று தெரிந்து வாழ்ந்த மக்களின் கேள்வி அது. இலுப்பையைக் காட்டினால் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் என்பதையும், வாதநாராயணனைக் காட்டினால் வயலுக்குத் தழையுரம் கொடுத்த மரம் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்வோம். ஆனால் "சர்க்கரைக்கு ஆகுமா, மூட்டுவலிக்கு எத்தனை இலை போடோணும்?" என்று கேட்கும்போது அளவு, பக்குவம் எதையும் சொல்வதில்லை என்று கண்டிப்பாக வைத்திருக்கிறோம். பூங்காவில் அழகுக்காக வைத்திருக்கும் அரளியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. இலையைப் பார்த்து இலையை மாற்றி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், அது வரட்டும். அதேபோல் சந்தன மரம் எங்கே நிற்கிறது என்று யார் கேட்டாலும் காட்டுவதில்லை. கோவையில் வீட்டு வளாகங்களிலும் நிறுவன வளாகங்களிலும் நின்ற சந்தன மரங்கள் இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகப்பட்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? சந்தனம் பக்கத்து மரங்களின் வேர்களில் தன் வேரை இணைத்துச் சத்தில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளும் மரம் என்பதை வேறொரு மரத்தடியில் நின்று வாயால் சொல்லிவிடுவோம்.

நடையில் ஓரிடத்தில் மட்டும் என் குரல் சற்று உயர்ந்துவிடும். நடைபாதையோரம் ஒரு புங்கனின் அடிமரத்தைச் சுற்றி, இடைவெளியே இல்லாமல் கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கின்றன. மரத்துக்கு உணவு மேலிருந்து கீழே இறங்குவது பட்டையின் உட்புறத்தில் உள்ள மெல்லிய அடுக்கின் வழியாகத்தான். கம்பியைச் சுற்றிக் கட்டினால், மரம் பருக்கப் பருக்க அந்த வழி நெரிபட்டு வேர் பட்டினி கிடக்கும். நீரையும் காற்றையும் வாங்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேற்பகுதியிலேயே பரவியிருப்பதால், அடிமரம் வரை கான்கிரீட் போட்டால் அவற்றுக்கு மூச்சுவிட வழியில்லை. டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னதை அங்கே நினைவூட்டுவேன். ஆடிக் காற்றில் மரம் விழுந்தால் மரத்தைக் குறை சொல்கிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நூறு ஆண்டு தாங்கிய மரம், குழாய் பதிக்கவும் கேபிள் பதிக்கவும் வேரை ஒரு பக்கமாக அறுத்தெடுத்த பிறகுதானே விழுகிறது? ஒருமுறை இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், மேட்டுப்பாளையம் ரோட்டில் இருபுறமும் நின்ற மரங்களின் நிழலிலேயே வண்டி ஓட்டிப் போன காலத்தைச் சொல்லி, "ரோடு அகலமாச்சுங்க, எங்களுக்குத்தான் கண்ணு கூச ஆரம்பிச்சுது" என்றார். சாலை அகலமாக வேண்டியதன் தேவையை நான் மறுக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் அந்த மரங்கள் ஒவ்வொன்றின் முன்னும் யாராவது ஒருவர் நின்று பார்த்திருப்பார்களா என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது.

இந்த வேலைக்குத் தாவரவியல் பட்டம் தேவையில்லை. நான் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது எந்த மாதம் இலை உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது, பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது, காய் எப்போது வெடிக்கிறது என்று ஓராண்டு குறிப்பெடுத்தாலே அந்த மரத்தைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லும் தகுதி வந்துவிடும். கைப்பேசிச் செயலியில் இலையைப் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுகிறதே, நீங்கள் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. செயலி பல நேரங்களில் சரியாகச் சொல்கிறது, சில நேரங்களில் இலையை மட்டும் கொண்டு தவறாகவும் சொல்கிறது. பூவும் காயும் சேர்ந்து இருந்தால்தான் உறுதி செய்ய முடியும். அதைவிட முக்கியமாக, மகாகனி காய் வெடிக்கும் பருவத்தில், இறக்கை வைத்த விதையைக் கையால் மேலே எறிந்து, அது சுழன்று சுழன்று எவ்வளவு தூரம் போகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஓடிப் பார்க்கச் செயலியால் முடியாது.

சென்ற மாதம் பல்லடம் பக்கத்திலிருந்து வந்திருந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், நடை முடிந்ததும், "எங்க பள்ளிக்கூடத்துலயும் இதே மாதிரி ஒரு நாள் வந்து சொல்லுங்கக்கா, ஆனா எங்ககிட்ட பெருசா மரமெல்லாம் இல்லை" என்றார். என்னென்ன இருக்கின்றன என்று கேட்டோம். வேம்பு, புங்கன், சத்துணவுக் கூடத்தின் பின்புறம் ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பூவரசு என்று விரல்விட்டுச் சொன்னார். ஒரு காலைப்பொழுதுக்கு அவை தாராளம். பூவரசிலிருந்தே தொடங்கலாம் என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். காலையில் மஞ்சளாக மலரும் அதன் பூ மாலைக்குள் செந்நிறமாக மாறி வாடுவதால், பிள்ளைகள் பள்ளி தொடங்கும்போது ஒருமுறையும் மணி அடித்து வீட்டுக்குப் போகும்போது ஒருமுறையும் ஒரே பூவைப் பார்த்து நோட்டில் வண்ணம் தீட்டி வைக்க வேண்டும் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறோம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது எப்படி என்பதை எங்கள் குழுவில் உள்ள மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வேம்பும் புங்கனும் அதற்குப் பிறகு.